வழியனுப்பு ஜெபம்

எங்கள் சபையில் ஒருத்தியின் மானத்தை வாங்க வேண்டுமென்றால் சண்டை போட வேண்டியதில்லை. அவளுக்காக ஜெபிக்கச் சொன்னால் போதும். மைக்கைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "நம்ம சகோதரி ஒருத்தங்க குடும்பத்துக்காக விசேஷமா ஜெபிச்சுக்குவோம்" என்று ஆரம்பித்தால் வேலை முடிந்தது. கேட்கிறவர்களுக்குப் புறம் கேட்ட பாவம் இல்லை, சொல்கிறவருக்குப் புறம் சொன்ன பழி இல்லை. எனக்கு அப்படித்தான் செய்தார்கள். செய்த மனுஷனை நான் சும்மா விடவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். என்னை ரொம்ப நல்லவள் என்று நினைத்துக்கொண்டு யாரும் படிக்க வேண்டாம்.

சுனாமி வந்த டிசம்பருக்கு அடுத்த மாதங்கள் அவை. ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் எங்கள் தமிழ்ச் சபை ஞாயிறு சாயங்காலம் கூடும். காலையில் அதே ஹாலில் தெலுங்கு ஆராதனை. அவர்கள் அடுக்கிவைத்துவிட்டுப் போன நாற்காலிகளை நாங்கள் இறக்கிப் போட்டு, முடிந்ததும் மறுபடி அடுக்குவோம். தொழிற்சாலை வேலைக்கு எப்போதோ வந்த குடும்பங்கள், செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள், ஐ.டி. வேலைக்கு நேற்று வந்து இறங்கிய இளவட்டங்கள் எல்லாம் கலந்த கூட்டம். நான் திருநெல்வேலிப் பக்கம். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். தனியாக இருந்தேன். புருஷன் எங்கே என்று கேட்டால் மஸ்கட்டில் என்பேன். கேட்டவர்களும் "ஓ, கல்ஃபா" என்று விட்டுவிடுவார்கள்.

இலங்கையின் கிழக்குக் கரைக்கு ஒரு குழுவாகப் போவது என்று சபை முடிவு செய்தது. பகலில் காயத்துக்கு மருந்து கட்டுவது, துணிமணி, பால்பவுடர் கொடுப்பது, சாயங்காலம் பிரசங்கம். அங்கேயும் தமிழ்தான், மொழிபெயர்க்க ஆள் வேண்டாம். காலை ஆராதனைக்கு வரும் தெலுங்குக்காரர்களே "மீகு சான்ஸ் உந்தி", உங்களுக்கு வாய்ப்பு இருக்கிறது, என்று பொறாமையோடு சொன்னார்கள். முதல் ஆளாகக் கை தூக்கினது நான். அதுவரை கடல் கடந்து எங்கேயும் போனதில்லை. பாஸ்போர்ட் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு லீவு வாங்கினேன். நர்சாக இருந்து சம்பளத்துக்குக் கட்டின காயங்கள் போக, ஒருதடவையாவது சும்மா போய்க் கட்டிவிட்டு வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

குழுவுக்குக் கன்வீனராக இருந்தவர் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். நாற்பது வயசு இருக்கும். ஹைடெக் சிட்டியில் என்ன வேலை பார்த்தாரோ அதையே சபையிலும் பார்த்தார். ஆட்களை 'ரிசோர்ஸ்' என்பார். போகிற காரியத்தை பவர்பாயிண்டில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை திரையில் காட்டுவார். என்னென்ன ஆபத்து வரலாம், வந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு பக்கம் இருக்கும். நல்ல பேச்சுக்காரர். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவருக்கு ஒரு சாட்சி இருந்தது. எங்கள் பாஷையில் சாட்சி என்றால், கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைச் சபை முன்னால் எழுந்து நின்று சொல்வது; விசுவாசியின் நல்ல பேருக்கும் அதே வார்த்தைதான். அவருக்கு ஒரு காலத்தில் சர்க்கரை நோய் இருந்ததாம். உபவாசம் இருந்து ஜெபித்தாராம். அடுத்த பரிசோதனையில் ஒன்றுமே இல்லையாம். இதை அவர் சொன்னால் கல்லும் கரையும். எங்கள் சபையில் சொல்லி, அப்புறம் குகட்பள்ளியில் ஒரு வீட்டுக் கூட்டத்துக்கு அழைத்து, உப்பலில் அழைத்து, ஊரெல்லாம் அந்தச் சாட்சி போய்விட்டது.

சர்க்கரை திரும்பி வந்த செய்திதான் எங்கேயும் போகவில்லை. அது எனக்குத் தெரியும். ஏனென்றால் தினமும் விடிந்த கையோடு அவர் வீட்டுக்குப் போய் இன்சுலின் போட்டது நான்தான்.

மனுஷனுக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும். சிரிஞ்சைப் பார்த்தாலே உதடு வெளுத்துவிடும். தானாகப் போட்டுக்கொள்ள முடியாது, ஆஸ்பத்திரிக்குத் தினம் போனால் யாராவது பார்த்துவிடுவார்கள். அவர் சம்சாரம் என் வீடு தேடி வந்து, "அக்கா, உங்களை விட்டா எங்களுக்கு யாரும் இல்ல" என்று அழுதாள். பாவம் என்று ஒத்துக்கொண்டேன். என் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. மருந்து அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், முட்டைத் தட்டுக்குப் பின்னால் இருக்கும். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சட்டையைத் தூக்குவார், நான் போடுவேன். பிள்ளைகள் இரண்டும் அந்தப் பக்கம் தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டு ஷூ மாட்டும். நர்ஸ் என்றால் வாயைக் கட்ட வேண்டும். கட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

ஊசி முடிந்ததும் அவள் எனக்கு அடுப்படியில் காபி கொடுப்பாள். என்னைவிட இளையவள், அதிகம் பேசாதவள். பேசாதவளிடம்தானே நமக்கு வாய் நீளும்? ஒருநாள் காலையில் என்னவோ மனசு தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். என் புருஷன் மஸ்கட்டில் இல்லை, சென்னையில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார், ஒரு பிள்ளையும் இருக்கிறது என்று. சொல்லி அழுதேன். அவளும் அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் அக்கா" என்றாள்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிறு ஆராதனை முடிவில் கன்வீனர் மைக்கைப் பிடித்தார். திரையில் குழுவின் போட்டோ. என் முகம் இருந்த இடத்தில் அவர் கம்பெனியில் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஒரு தம்பியின் முகம். முதலுதவி கற்றவனாம்.

"நம்ம நர்ஸ் சிஸ்டருக்காக விசேஷமா ஜெபிச்சுக்குவோம்," என்றார். "குடும்பத்துல பெரிய போராட்டம். அவங்க கணவர் வேறொரு பெண்ணோட வாழ்ந்துட்டிருக்கார். கர்த்தர் அந்தக் குடும்பத்தைக் கட்டி எழுப்பணும். அதுவரைக்கும் அவங்க ஊழியத்துல முன்னால நிக்கிறது சாட்சிக்கு நல்லா இருக்காதுங்கிறதால, டீம்ல ஒரு சின்ன மாற்றம்."

"ஸ்தோத்திரம்" என்றது கூட்டம்.

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் நானே மடித்து அடுக்கிய சேலைகள் பின்னால் அட்டைப்பெட்டிகளில் இருந்தன. எழுந்து போனால் எல்லாரும் பார்ப்பார்கள், உட்கார்ந்திருந்தாலும் எல்லாரும் பார்ப்பார்கள். ஜெபம் முடிந்ததும் ஒவ்வொருத்தியாக வந்து கையை அழுத்தினார்கள். செகந்திராபாத்துக்காரி ஒருத்தி, பாடகர் குழுவில் முன்னால் நிற்கிறவள், "கைக்கும்மா எங்ககிட்ட மறைச்சே? நாங்க என்ன அந்நியமா?" என்றாள். அவர்கள் பேச்சில் 'கைக்கு' என்றால் ஏன். அவள் கண்ணில் ஈரமும் இருந்தது, புதுசாக ஒரு விஷயம் கிடைத்த பளபளப்பும் இருந்தது. கன்வீனர் சம்சாரம் மட்டும் கிட்டே வரவில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று வெளியே போய்விட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தேன். பயணம் போச்சு என்பது ஒரு பக்கம் வலித்தது. அதைவிட, தப்பு செய்தவன் சென்னையில் சோறு தின்றுகொண்டிருக்கிறான், சாட்சி கெட்டது எனக்காம்! அப்போதே முடிவு செய்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதே ஹாலில், அதே மைக்கில், எனக்குச் செய்தது தப்பு என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வைக்காமல் விட்டால் நான் எங்கப்பாவுக்குப் பிறக்கவில்லை.

மறுநாள் காலையில் ஊசி போடப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். யோசிக்கவே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நோயாளியைப் பட்டினி போடுகிற மாதிரி அது. பழி வாங்கினாலும் முறையாக வாங்க வேண்டும். போனேன். அவள் கதவைத் திறந்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க சிஸ்டர், அது டீம் டிசிஷன்" என்றார்.

"எடுத்துக்கலை பிரதர்," என்றேன். போட்டு முடித்து, பஞ்சை அழுத்திக்கொண்டே சாவதானமாகக் கேட்டேன். "அங்க போனா உங்களுக்கு யாரு ஊசி போடுவா?"

திரும்பினார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது. எத்தனை ஆபத்துகளைத் திரையில் போட்டார்! மழை வந்தால் என்ன, வண்டி பழுதானால் என்ன என்று எல்லாம் போட்ட மனுஷன், தன் தொப்புளைச் சுற்றி தினம் யார் குத்துகிறார்கள் என்பதை மறந்துவிட்டார். நோய் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது போல.

அடுத்த நாட்களில் அவர் பட்ட பாடு இருக்கிறதே! சம்சாரத்துக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். அவள் ஆரஞ்சுப் பழத்தில் குத்திப் பழகினாள். அவர் வயிற்றுக்கு முன்னால் வந்ததும் கை கிடுகிடு என்று நடுங்கியது. அவள் வந்தாலும் பிள்ளைகளை யார் பார்ப்பது? அந்தத் தம்பியிடம் சொன்னால் குட்டு உடையும். கடைசியில் என்னிடம், "சிஸ்டர், எனக்கே கத்துக்கொடுங்களேன்" என்றார்.

"கத்துக்கொடுக்கேன். போன வாரம் சொன்னது தப்புன்னு அதே மைக்ல சொல்லுங்க, மறுநாளே கத்துக்கொடுக்கேன்."

"அது சபை ஒழுங்கு சம்பந்தப்பட்டது, சிஸ்டர். அதையும் இதையும் குழப்பாதீங்க."

"சரி, குழப்பலை" என்று பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு வழியனுப்பு ஆராதனை. குழுவினர் முன்னால் முழங்காலில் நிற்க, சபை அவர்களுக்காக ஜெபிக்கும். எங்கள் போதகர் வெள்ளை மனசுக்காரர். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது. "போறவங்களுக்காக, போக முடியாமப்போன நம்ம மகளே ஜெபிக்கட்டும்" என்று மைக்கை என் பக்கம் நீட்டினார். அதைவிடப் பெரிய தப்பை அந்த வருஷம் அந்தச் சபையில் யாரும் செய்யவில்லை.

எங்கள் ஆட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிரசங்கத்தை இடையில் நிறுத்தியிருக்கிறார்கள். கமிட்டிக் கூட்டத்தில் நாற்காலியைத் தூக்கியிருக்கிறார்கள். ஆனால் ஜெபித்துக்கொண்டிருக்கிறவரை யாரும் நிறுத்த முடியாது. கண்ணைத் திறக்கவும் கூடாது. பேசுவது ஆண்டவரிடம், குறுக்கே புகுவது யார்? கன்வீனர் என்னைக் கவிழ்த்ததும் அதே வழியில்தான்.

மைக்கை வாங்கினேன். எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. கன்வீனர் முதல் ஆளாக முழங்காலில் நின்றார். பிடரி மட்டும்தான் தெரிந்தது.

"பரலோகப் பிதாவே," என்று ஆரம்பித்தேன். "இந்தக் குழுவை நடத்துத எங்க சகோதரருக்காக உம்மிடத்தில் வாரோம். நாங்க வெளிய பாக்கோம், நீர் உள்ள பாக்கீர். விடிஞ்சும் விடியாம அவர் வீட்டுக் கதவு தட்டப்படுறதை நீர் அறிவீர்."

"ஆமென்!" என்றார் கன்வீனர். அவசரமாக வந்தது அந்த ஆமென். அதோடு முடித்துவிடுவேன் என்று நினைத்திருப்பார்.

"இன்னும் இருக்கு ஆண்டவரே," என்றேன். "அவர் வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல, முட்டைத் தட்டுக்குப் பின்னால என்ன இருக்குன்னும் நீர் அறிவீர்."

"ஆமென்! ஆமென்!" குரல் உடைந்தது. ஆவியில் நிறைந்துவிட்டார் என்று நினைத்துப் பின்னால் இளவட்டங்களும் "ஆமென்" என்று முழங்கினார்கள். செகந்திராபாத்துக்காரி "அல்லேலூயா" என்றாள். அவர் பிடரியில் வேர்வை வழிந்து காலருக்குள் இறங்குவதை நான் பார்த்தேன். ஒளிப்பானேன், கரும்பு தின்கிற மாதிரி இருந்தது.

நோயின் பெயரைச் சொல்லவில்லை. ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி, நாக்கு நுனியில் நின்றது. சொல்லியிருந்தால் அன்றோடு அவர் முடிந்தார். ஆனால் நான் நர்ஸ். அந்த மனுஷனுக்காக என் தொழிலின் முகத்தில் கரி பூசிக்கொள்வேனா? அதுவும் போக, நான் சொன்னால் அது என் வாய். எனக்கு அவர் வாய் வேண்டும்.

"அவர் வாயால சொன்னதெல்லாம் அவர் உடம்புல உண்மையா இருக்கட்டும் ஆண்டவரே," என்றேன். "இல்லேன்னா, அவர் உடம்புல உண்மையா இருக்கிறதை அவர் வாயே சொல்லட்டும். ஆமென்."

ஹால் முழுக்க ஆமென் சொன்னது. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு பாரத்தோட ஜெபிச்சே மகளே" என்றார்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கன்வீனர் வந்தார். பின்னால் அவர் சம்சாரம்.

"சிஸ்டர், என்ன வேணும் உங்களுக்கு?"

"முன்னாடி ஒண்ணுதான் கேட்டேன், இப்ப ரெண்டு. நான் குழுவோட வாரேன். திரும்பி வந்து சாட்சி சொல்லுத ஞாயித்துக்கிழமை, இதே மைக்ல, எனக்குச் செஞ்சது தப்புன்னு நீங்க சொல்லணும்."

"டிக்கெட்…"

"அது உங்க பாடு."

மறுநாளே அந்தத் தம்பிக்குக் கம்பெனியில் புது சாஃப்ட்வேர் ரிலீஸ் வேலை இருக்கிறது என்று சொல்லி லீவை ரத்து செய்தார்கள். ரத்து செய்தது வேறு யார், அவனுடைய மேனேஜரான நம்ம கன்வீனர்தான். நான் விமானம் ஏறினேன்.

அங்கே நாங்கள் தங்கியது கடற்கரை ஊர் ஒன்றில், மக்கள் அடைக்கலமாக இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில். பக்கத்து வகுப்பறையில் அந்த நாட்டு டாக்டர் ஒருவர் நோயாளிகளைப் பார்த்தார். நான் அவருக்குப் பக்கத்தில் மேசை போட்டுக் காயம் கட்டினேன். ஆணி கிழித்தது, தகரம் கிழித்தது, ஆறாமல் கிடந்தது என்று அவ்வளவு காயம். வீடும் பிள்ளையும் போனவர்கள் என் கையைப் பிடித்து "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்கள். என் கோபமெல்லாம் அங்கே சின்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. பகலில் காயம் கட்டினேன், கன்வீனரைப் பார்த்தபோதெல்லாம் பல்லைக் கடித்தேன். இரண்டும் ஒரே உடம்பில் நடந்தது. அவருக்கு ஊசி மட்டும் ஜன்னலை அடைத்துவிட்டு ஒரு ஸ்டோர் ரூமுக்குள். மருந்து என் ஐஸ் பிளாஸ்கில்.

முதல் கூட்டத்திலேயே பழக்கதோஷம், மனுஷன் அந்தச் சர்க்கரைச் சாட்சியை எடுத்துவிட்டார். சனங்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள். மறுநாள் காலையில் ஒரு அம்மா என் மேசைக்கு வந்தாள். குதிகாலில் புண், ஓரமெல்லாம் கறுத்து, வாடை வந்தது. சர்க்கரைக்குப் போட்ட மாத்திரையெல்லாம் கடலோடு போய்விட்டதாம். டாக்டரிடம் போகச் சொன்னேன்.

"எனக்கு டொக்டர் வேணாம் பிள்ளை," என்றாள். "அந்த ஐயாக்கும் சீனி வருத்தம் இருந்ததாம்தானே. ஜெபிச்சுச் சுகமாப் போச்சாம். என்னை அவரிட்டக் கூட்டிப்போங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு, அந்த அம்மாவையும் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனேன். கன்வீனர் பால்பவுடர் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். இன்னும் ஊசி போட்டிருக்கவில்லை.

"சட்டையைத் தூக்குங்க பிரதர்."

"இங்கயா? சிஸ்டர், ரூமுக்குள்ள…"

"இங்கதான். இந்த அம்மாவுக்கு முன்னால. இவங்க காலைப் பாருங்க. நல்லாப் பாருங்க. உங்க சாட்சியைக் கேட்டுட்டு டாக்டர் வேண்டாங்காங்க. இந்தக் கால் போச்சுன்னா அதையும் சேத்து ஹைதராபாத்ல சாட்சி சொல்லுவீங்களா?"

காலைப் பார்த்தார். மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் சட்டையைத் தூக்கினார். நான் ஊசியை எடுத்ததும் வழக்கம்போல உதடு வெளுத்தது. பார்த்துக்கொள்வதற்கு அங்கே சுவரும் இல்லை. அந்த அம்மாதான் எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்பிடாதீங்க மகன். ஒரு சின்னக் குத்துதானே."

போட்டேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்குச் சுகமாகலம்மா," என்றார். "தினமும் இது போட்டுத்தான் நிக்கிறேன். நீங்க டாக்டர்கிட்ட போங்க." அந்த அம்மா போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலரும் போனார்கள். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. ஊருக்குத் திரும்பிவந்து அவர் என்ன செய்யப் போகிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சாட்சி ஞாயிறு வந்தது. ஹால் நிறைந்திருந்தது. திரையில் கடல், பள்ளிக்கூடம், பெட்டிகள், வரிசைகள். நான் அதே மூன்றாவது வரிசை. கன்வீனர் மைக்கைப் பிடித்தார்.

"ஒருநாள் காலையில் கர்த்தர் என்னோடு பேசினார்," என்றார். "மகனே, உன் பலவீனத்தை மறைக்காதே, எல்லாருக்கும் முன்னால் காட்டு என்றார். நான் கீழ்ப்படிந்தேன்." சர்க்கரை திரும்ப வந்தது, ஊசி போட்டுக்கொள்வது, கூட்டத்தின் நடுவில் சட்டையைத் தூக்கியது, ஒரு தாய் கையைப் பிடித்தது எல்லாவற்றையும் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். ஹாலே அழுதது. கை தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். பொய் சாட்சி சொன்னவர் என்ற நினைப்பு ஒருத்தர் முகத்திலும் இல்லை. முன்னைவிடப் பெரிய ஆளாகிவிட்டார். நான் அவர் கழுத்தைப் பிடித்து நெரித்து வாங்கின வார்த்தைகளைக் கர்த்தருடைய வாயில் போட்டுவிட்டார், புண்ணியவான்.

என் விஷயம்? வந்தது. "யாருக்காவது என்னால மனவருத்தம் வந்திருந்தா கர்த்தர் மன்னிப்பாராக" என்று ஒரு வரி. சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்.

எழுந்து போய் அந்த மைக்கைப் பிடுங்கி, சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லிவிடுவது என்று சேலை முந்தானையை இழுத்துச் செருகினேன். எழுந்தும்விட்டேன். அதற்குள் பிள்ளைகள் உட்கார்கிற பக்கத்திலிருந்து இன்னொருத்தி எழுந்து நின்றாள். அவருடைய சம்சாரம். பாட்டுப் பாடுவதைத் தவிர அந்த ஹாலில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

"கர்த்தர் பேசினாரோ என்னவோ, எனக்குத் தெரியாது," என்றாள். "வீட்டுக்கு வந்து இவர் எங்கிட்ட சொன்னது வேற. சட்டையைத் தூக்கச் சொன்னது அக்கா."

எல்லாரும் அவள் பக்கம் திரும்பினார்கள். அவர் மைக்கைப் பிடித்தபடி, "உக்காரும்மா" என்றார். அவள் உட்காரவில்லை.

"அக்கா வீட்டு விஷயம் இவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு உங்கள்ல யாரும் கேக்கல. எங்க வீட்டு அடுப்படியில, என்னை நம்பி அக்கா அழுதாங்க. சத்தியம் பண்ணிட்டு நான் இவர்கிட்ட சொன்னேன். இவர் உங்ககிட்ட சொன்னார். அது ஜெபம் இல்ல, புறணி. கெட்டுப்போனது எங்க ரெண்டு பேரோட சாட்சி. அக்காவோடது கெடல."

செகந்திராபாத்துக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். என் கையை அழுத்தின மற்றவர்களும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வாயால் வர வேண்டும் என்று நான் கேட்ட வார்த்தை, நான் கேட்காத வாயிலிருந்து வந்துவிட்டது. அவளை அன்றைக்கே மன்னித்தேன். அவரை மன்னித்தாயா என்று இன்றுவரை பலர் கேட்டிருக்கிறார்கள், நான் பதில் சொன்னதில்லை.

போதகர் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து, "சரி… முடிவு ஜெபம் யாராவது…" என்று இழுத்தார். ஒருத்தரும் அசையவில்லை.

"அக்கா பண்ணட்டும்" என்றாள் அவள்.

நான் முன்னால் போனேன். கன்வீனர் கையிலிருந்த மைக்கை அவரே நீட்ட வேண்டியிருந்தது, நீட்டினார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவர் மூடவில்லை. இந்தத் தடவை என்ன வருமோ என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அவரைப் பார்த்துக்கொண்டேதான் ஜெபித்தேன். அந்த அம்மாவின் கால் ஆற வேண்டும் என்று மட்டும் கேட்டேன், சின்ன ஜெபம்தான். முடிந்ததும் முதல் ஆமென் அவரிடமிருந்து வந்தது.